மெயில் வருகிறது, போகவில்லை: 10060-ம் 10061-ம் சொல்வது என்ன

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: எட்டு கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸ். போன வாரம் பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதிய ஃபயர்வால் பெட்டி (நெட்வொர்க்கில் எது போகலாம், எது வரலாம் என்று காவல் காக்கும் கருவி) ஒன்றை வைத்தார்கள். அன்றிலிருந்து அவுட்லுக்கில் மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது. அவுட்பாக்ஸிலேயே நின்றுகொண்டு 10060 என்ற எண்ணோடு எரர் காட்டுகிறது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் 10061. அதில் வரவும் இல்லை, போகவும் இல்லை. பிரவுசரில் வெப்மெயில் எல்லாருக்கும் சரியாக வேலை செய்கிறது. விண்டோஸ் ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தும் மாற்றமில்லை. எந்த போர்ட் (கம்ப்யூட்டரின் கதவு எண்) கான்ஃப்ளிக்ட் ஆகிறது, அதாவது மோதுகிறது, எதைத் திறக்கச் சொல்ல வேண்டும்?

திறப்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த இரண்டு எண்களையும் படித்துவிடுவோம். உங்கள் ஆபீஸில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு.

போன் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ரிங் போய்க்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை, கடைசியில் தானாகவே நின்றுவிடுகிறது. அது 10060. இரண்டாவது ரிங்கிலேயே எதிர்ப்பக்கம் கட் செய்கிறார்கள். அது 10061. இரண்டிலும் பேச முடியவில்லைதான். ஆனால் இரண்டாவதில் அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்துவிட்டது.

ஃபயர்வால்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. 'இணைக்கலாமா' என்று கேட்டுப் போகும் முதல் பாக்கெட்டை, அதாவது சிறு தகவல் பொட்டலத்தை, வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, போட்டேன் என்றுகூடச் சொல்லாது. விண்டோஸ் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்து, ஏறத்தாழ 20 விநாடி கழித்துக் கைவிடும். கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம்: சென்ட் அழுத்தியதிலிருந்து 20 விநாடி வெறுமனே காத்திருந்து எரர் வந்தால், வழியில் யாரோ விழுங்குகிறார்கள். ஓரிரண்டு விநாடியில் பட்டென்று வந்தால், யாரோ பதில் சொல்லி மறுக்கிறார்கள். மறுப்புப் பதில் அனுப்பும்படியும் சில ஃபயர்வால்களை அமைத்திருப்பார்கள். அதனால் 10061 என்றாலே ஃபயர்வால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எட்டில் ஏழு ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் நடக்கும்போது, அந்த ஒன்றின் கோளாறை அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேதான் தேட வேண்டும்.

பக்கத்து எண்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 11001 என்றால் சர்வரின் பெயரே கிடைக்கவில்லை. எழுத்துப் பிழை அல்லது டிஎன்எஸ் (பெயரை முகவரி எண்ணாக மாற்றும் சேவை) கோளாறு. 10054 என்றால் இணைப்பு கிடைத்தது, நடுவில் எவரோ வெட்டினார்கள். 10013 என்றால் உங்கள் கம்ப்யூட்டரே அனுமதிக்கவில்லை. 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்ற ஒரே வாசகத்தை இத்தனைக்கும் போட்டுவிட்டு எண்ணை மூலையில் ஒளித்துவைப்பது மெயில் மென்பொருள்களின் கெட்ட பழக்கம்.

இப்போது 'போர்ட் கான்ஃப்ளிக்ட்' என்ற சொல். நிறையப் பேர் இதை இரண்டு அர்த்தத்தில் குழப்பிக்கொள்கிறார்கள். அவுட்லுக் 587-இல் இணைகிறது என்றால், 587 என்பது சர்வர் பக்கத்துக் கதவின் எண். உங்கள் கம்ப்யூட்டர் தன் பக்கத்தில் 49152 முதல் 65535 வரை உள்ள எண்களில் ஏதோ ஒன்றை அந்த நேரத்துக்கு எடுத்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் விட்டுவிடும். ஆகவே எட்டுப் பேர் ஒரே சமயத்தில் 587-க்கு மெயில் அனுப்பினாலும் ஒருவரோடு ஒருவர் மோதமாட்டார்கள். உங்கள் ஏழு கம்ப்யூட்டரில் நடப்பது மோதல் இல்லை, தடை. நிஜமான மோதல் எங்கே வரும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தடுப்பது எந்த ஃபயர்வால்? விண்டோஸ் ஃபயர்வால் பிறவியிலேயே வெளியே போவதை அனுமதிக்கும், உள்ளே வருவதைத்தான் தடுக்கும். அதன் வெளியேறும் விதிகளை யாராவது கைவைத்து மாற்றியிருந்தால் தவிர, மெயில் அனுப்புவதை அது மறிக்காது. அதை நிறுத்தியும் மாற்றமில்லாததில் ஆச்சரியமே இல்லை. கம்ப்யூட்டரில் இருந்து மெயில் சர்வர் வரை நடுவில் நான்கு காவல்காரர்கள் நிற்கிறார்கள்: கம்ப்யூட்டரில் உள்ள ஆன்டிவைரஸ், ஆபீஸ் ஃபயர்வால் பெட்டி, இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி, கடைசியாக மெயில் சர்வரின் சொந்த ஃபயர்வால். ஒரு கம்ப்யூட்டரை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே மெயிலை அனுப்பிப் பாருங்கள். போனால், ஆன்டிவைரஸும் அவுட்லுக் செட்டிங்ஸும் நிரபராதிகள். பெட்டி, இன்டர்நெட் கம்பெனி, அல்லது உங்கள் ஆபீஸ் ஐபியை (இன்டர்நெட் முகவரி எண்ணை)ப் பிடிக்காத சர்வர், இந்த மூன்றில் ஒன்று. போகாவிட்டால் முதலில் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து தேடலாம். இரண்டு நிமிட வேலை, பாதிக் குழப்பம் தீரும்.

வெப்மெயில் திறப்பதை இதில் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 443 வழியாகப் போகிறது, எல்லா இணையதளங்களும் போகும் அதே வழி. அக்கவுண்டும் பாஸ்வேர்டும் சரி, சர்வர் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும். ஹோட்டல் வைஃபையில் வெப்மெயில் வந்து, அவுட்லுக் போன்ற இன்னொரு மெயில் மென்பொருளான தண்டர்பேர்டில் வராமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். 80, 443 தவிர மற்றதை மூடிவைத்திருப்பார்கள்.

மெயில் வருகிறது, போகவில்லை என்பதுதான் உங்கள் விவரத்தில் மிக முக்கியமான வரி. வருவது ஐமேப் என்றால் 993, பழைய முறையில் 143. பாப்3 என்றால் 995, பழைய முறையில் 110. போவது எஸ்எம்டிபி, அதற்கு 587, 465, 25 என்று மூன்று எண்கள். அவுட்லுக்கில் அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து வெளியேறும் சர்வரின் போர்ட்டைப் பாருங்கள். அங்கே 25 இருக்கும் என்பது என் ஊகம். பத்து வருடத்துக்கு முன் யாரோ போட்டுவைத்தது, ஓடுகிற வரை ஓடியது, பழைய ரூட்டர் கண்டுகொள்ளவில்லை, புதிய பெட்டி கண்டுகொள்கிறது.

25-ஐத் தடுப்பது தவறும் இல்லை. அது 1982-இல் எஸ்எம்டிபி வரையறுக்கப்பட்ட காலத்திலிருந்து இருக்கும் எண். ஒரு மெயில் சர்வர் இன்னொரு மெயில் சர்வருக்கு மெயிலை ஒப்படைக்கும் வழி. வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்கள் உரிமையாளருக்கே தெரியாமல் இந்த வழியாகத்தான் ஸ்பேம் மெயிலைக் கொட்டின. அதனால் இன்டர்நெட் கம்பெனிகள் பல இதை மூடிவிட்டன. அமேசான், கூகுள் கிளவுட் போன்றவைகூட வாடகைக்கு எடுக்கும் சர்வர்களிலிருந்து 25 வெளியே போவதை முன்கூட்டியே மறித்துவைத்திருக்கின்றன. சாதாரண ஆள் தன் மெயிலைத் தன் சர்வரிடம் சேர்ப்பதற்கென்றே 1998-இல் 587-ஐத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆகவே ஃபயர்வால்காரரிடம் 25-ஐத் திறக்கச் சொல்லாதீர்கள். அவர் திறந்தாலும் நாளைக்கு இன்டர்நெட் கம்பெனி மூடிவிடலாம். நீங்கள் 587-க்கோ 465-க்கோ மாறுங்கள்.

மாறும்போது அடுத்த குழி இருக்கிறது. 587-உடன் என்க்ரிப்ஷனில் (பேச்சைப் பூட்டும் முறையில்) ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்தெடுக்க வேண்டும், அதாவது சாதாரணமாகப் பேச ஆரம்பித்துப் பிறகு பூட்டுவது. 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், முதலிலிருந்தே பூட்டுவது. பழைய அவுட்லுக் பதிப்புகளில் இதையே 'எஸ்எஸ்எல்', 'டிஎல்எஸ்' என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அங்கே டிஎல்எஸ் என்றால்தான் ஸ்டார்ட்டிஎல்எஸ். மாற்றிப் போட்டால் என்ன நடக்கும்? 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டால், சர்வர் வணக்கம் சொல்லும் என்று அவுட்லுக் காத்திருக்கும். சர்வரோ, முதலில் நீ என்க்ரிப்ஷனைத் தொடங்கு என்று காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நேரம் முடியும்வரை மௌனமாக நிற்கும். பார்ப்பவருக்கு அச்சு அசலாக ஃபயர்வால் தடுத்த மாதிரியே தெரியும். எத்தனை ஃபயர்வால்கள் இந்தப் பழியைச் சுமந்திருக்கின்றன என்று கணக்கே இல்லை.

465-க்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1997-இல் பாதுகாப்பான எஸ்எம்டிபிக்கென்று பதிவு செய்தார்கள். அடுத்த வருடமே வேண்டாம் என்று ரத்து செய்துவிட்டு, வேறொரு வேலைக்கு எழுதிவைத்தார்கள். உலகம் அதைக் காதில் வாங்காமல் 465-ஐயே பயன்படுத்திக்கொண்டிருந்தது. கடைசியில் 2018 ஜனவரியில் ஆர்எஃப்சி 8314 என்ற இன்டர்நெட் விதி ஆவணம் வந்து, சரி, அதையே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் நல்லதும்கூட என்று சொல்லிவிட்டது. அதனால்தான் ஒரு வழிகாட்டியில் '465 காலாவதியானது' என்றும் இன்னொன்றில் '465-ஐப் பயன்படுத்துங்கள்' என்றும் படிப்பீர்கள். இரண்டும் எழுதப்பட்ட காலத்தில் சரி. உங்கள் சர்வர் இரண்டையும் ஏற்றால் 465 போடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இன் எஸ்எம்டிபி என்றால் 587 போடுங்கள், அங்கே 465 கிடையாது.

ஏற்கெனவே 587 இருந்து, அப்படியும் 10060 என்றால், இப்போது கையால் தட்டிப் பார்க்கலாம். அதற்கு டெல்நெட் என்ற சிறு மென்பொருள் போதும், ஆனால் விண்டோஸில் அது முன்கூட்டியே இயங்காது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் டெல்நெட் கிளையண்ட்டுக்கு டிக் போட வேண்டும். கமாண்ட் பிராம்ட்டில் டெல்நெட் என்று அடித்து, இடைவெளி விட்டுச் சர்வரின் பெயர், மறுபடி இடைவெளி, 587. கதவு திறந்திருந்தால் 220 என்று தொடங்கும் ஒரு வரி வரும், பக்கத்தில் சர்வரின் பெயர். அந்த வரி வந்துவிட்டால் போர்ட் பிரச்சினை என்ற பேச்சுக்கே இடமில்லை. பாஸ்வேர்ட், என்க்ரிப்ஷன் பக்கம் போங்கள். 993, 465-ஐ இதே மாதிரி தட்டினால் வெறும் கறுப்புத் திரைதான் வரும், ஒரு எழுத்தும் இருக்காது. அது வெற்றி. அங்கே சர்வர் முதலில் பேசாது என்று மேலே சொன்னேன் இல்லையா, அதேதான். 'கறுப்பாக நின்றுவிட்டது, பிளாக் ஆகியிருக்கிறது' என்று என்னிடம் சொன்னவர்கள் நிறைய.

587-இல் 220-க்குப் பக்கத்தில் பெயருக்குப் பதில் நட்சத்திரங்கள் வரிசையாக நின்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் நடுவில் ஒருவர் பேச்சை ஒட்டுக்கேட்டுத் திருத்துகிறார். சிஸ்கோவின் பிக்ஸ், ஏஎஸ்ஏ வகை ஃபயர்வால்களில் எஸ்எம்டிபியைப் 'பரிசோதிக்கும்' வசதிக்கு இது பெயர்போன அடையாளம். சர்வரின் வணக்கத்தை நட்சத்திரமாக்கும். சர்வர் தனக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் தெரியும் என்று சொன்னால் அந்தச் சொல்லின் மேல் எக்ஸ் எக்ஸ் என்று பூசிவிடும். அவுட்லுக் பார்த்துவிட்டு, இந்தச் சர்வருக்கு என்க்ரிப்ஷன் தெரியாது போல என்று திரும்பிவிடும். 'இஹெலோ' என்பதன் ஆங்கில எழுத்து நான்கையும் அடித்து, இடைவெளி விட்டு ஏதாவது ஒரு பெயர் கொடுத்து என்டர் தட்டினால் 250 என்று தொடங்கும் வரிகளில் இந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியும். மருந்து, போர்ட் திறப்பது இல்லை. அந்தப் பரிசோதனையை நிறுத்துவது, அல்லது 465-க்கு மாறுவது. 465-இல் முதல் எழுத்திலிருந்தே என்க்ரிப்ஷன், பூச எதுவும் கிடைக்காது.

ஆன்டிவைரஸின் வேலை வேறு மாதிரி. அது தடுப்பதைவிட நடுவில் உட்கார்ந்துகொள்வது அதிகம். மெயிலை ஸ்கேன் செய்யவேண்டி, சர்வர் போலத் தானே நடித்து, தன் சர்டிஃபிகேட்டை, அதாவது அடையாளச் சான்றை, காட்டும். 'சர்டிஃபிகேட்டை நம்ப முடியவில்லை' என்று எரர் வந்தால், வழங்கியவர் பெயரைப் பாருங்கள். ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் அதில் மெயில் ஸ்கேனை மட்டும் நிறுத்தினால் போதும். ஆபீஸ் பெட்டியில் எஸ்எஸ்எல் பரிசோதனை போட்டிருந்தாலும் இதே அறிகுறிதான், ஆனால் அது எட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரே நாளில் வரும்.

சரி, அந்த 10061 கம்ப்யூட்டர். அதில் அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, சர்வரின் பெயர் என்ன என்று மட்டும் பாருங்கள். 127.0.0.1 அல்லது 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அந்த முகவரி வெளியில் எங்கும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டுக்கொள்கிறது. ஏதோ ஒரு ஸ்பேம் ஃபில்டரோ பழைய ஆன்டிவைரஸோ நடுவில் உட்கார்வதற்காக அப்படி மாற்றிவைத்திருக்கும். புதிய பெட்டி வைத்த கையோடு, இனி இது எதற்கு என்று அதை அன்இன்ஸ்டால் செய்திருப்பார்கள். ஆள் போய்விட்டார், முகவரி மட்டும் தங்கிவிட்டது. கேட்கும் ஆள் இல்லாத போர்ட்டைத் தட்டினால் விண்டோஸே உடனே மறுத்துவிடும், அதுதான் 10061. வருவது, போவது இரண்டுமே அங்கே நின்றுபோனதும் இதோடு பொருந்துகிறது. நிஜ சர்வர் பெயரையும் 993, 587-ஐயும் போட்டால் முடிந்தது.

நிஜமான போர்ட் மோதலும் இந்த 127.0.0.1 உலகத்தில்தான் நடக்கும். புரோட்டான் மெயில் என்ற மெயில் சேவையை அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ வைத்திருப்பவர்கள் 'பிரிட்ஜ்' என்ற மென்பொருளை ஓட்டுவார்கள். அது அதே கம்ப்யூட்டரில் ஐமேப்புக்கு 1143, எஸ்எம்டிபிக்கு 1025 என்று இரண்டு கதவுகளைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். வேறொரு புரோகிராம் முந்திக்கொண்டு 1025-ஐப் பிடித்திருந்தால் பிரிட்ஜ் வேறு எண்ணுக்குப் போகலாம், ஆனால் மெயில் மென்பொருள் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். ஒரே கதவுக்கு இரண்டு பேர் சண்டை போட்டால் வரும் எண் 10048. யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க, கமாண்ட் பிராம்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்ஸ்டாட் கட்டளையை, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் (-) ஏ, என், ஓ, பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் சேர்த்து ஓட்டினால் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே புரோகிராமின் பெயர் வரும். யாரும் பிடிக்காமலேயே 10013 வந்தால், ஹைப்பர்-வி (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வசதி) போன்றவற்றுக்காக விண்டோஸ் அந்த எண்ணை ஒதுக்கிவைத்திருக்கலாம். பிரிட்ஜ் செட்டிங்ஸிலும் மெயில் மென்பொருளிலும் சேர்த்தே வேறு எண் கொடுத்துவிடுவது சுலபம்.

ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்து, ஆபீஸ் பெட்டியிலும் எல்லாம் திறந்திருந்து, இன்னும் 10060 வந்தால் நான்காவது காவல்காரரைச் சந்தேகப்படுங்கள். ஒரு ஆபீஸில் தினமும் காலை பத்தரை மணிக்கு எல்லாருக்கும் மெயில் நின்றுவிடும், பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். அவர்களுடைய இணையதளமும் அதே நேரத்தில் ஆபீஸுக்குள் மட்டும் திறக்காது. மூன்று நாள் ரூட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு வருபவர் மேனேஜர். அவருடைய பழைய டேப்லெட்டில் மாற்றுவதற்கு முந்தைய பாஸ்வேர்ட். வைஃபையில் சேர்ந்ததும் அது தவறான பாஸ்வேர்டோடு சர்வரை விடாமல் தட்டும். சர்வரில் இருந்த ஃபெயில்2பேன் ஐந்து தவறுக்கு மேல் பொறுக்காமல் அந்த ஐபியையே பத்து நிமிடம் மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஆபீஸ் முழுவதற்கும் ஒரே ஐபி. டேப்லெட் மேஜை டிராயரில் கிடந்தது, அதில் மெயில் இருப்பதே அவருக்கு நினைவில்லை. உங்களுக்கு மெயில் வருவதும் வெப்மெயில் திறப்பதும் தடையில்லாமல் நடப்பதால் இது உங்கள் கேஸ் இல்லை என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் கிளாசிக் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்றவற்றுக்குத்தான். எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டின் சொந்த மெயில் சர்வர்) வகை அக்கவுண்ட் என்றால் அது 443-இலேயே போய்விடும், இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. விண்டோஸின் 'புதிய அவுட்லுக்'கோ ஐமேப் அக்கவுண்ட்டையும் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் வழியாகத்தான் எடுக்கிறது. அங்கே உங்கள் ஆபீஸிலிருந்து 993-ஐத் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

ஃபயர்வால் பெட்டியைப் பார்ப்பவருக்கு எழுத வேண்டியது இது: உள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே எங்கள் மெயில் சர்வருக்கு டிசிபி 993, 465, 587 அனுமதிக்க வேண்டும், எஸ்எம்டிபி பரிசோதனை இருந்தால் நிறுத்த வேண்டும், தடுத்த பாக்கெட் லாக்கில் எங்கள் மெயில் சர்வரின் ஐபி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். 'வெளியே' என்ற சொல்லை அழுத்தி எழுதுங்கள். போர்ட் ஃபார்வர்டிங்கில் 587-ஐ ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டு 'திறந்துவிட்டேன்' என்பவர்கள் உண்டு. அது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி, மெயில் அனுப்புவதற்கு அதில் ஒரு பயனும் இல்லை, ஆபத்து மட்டும்தான். நீங்கள் கேட்டதற்குப் பதில் உள்ளே வரவே வேண்டும், அதற்குத் தனியாக வழி விட வேண்டாமா என்று தோன்றலாம். வேண்டாம். உள்ளிருந்து தொடங்கிய பேச்சுக்கு வரும் பதிலை ஃபயர்வால் தானாகவே அடையாளம் கண்டு உள்ளே விடும்.

இன்னொன்று. விண்டோஸ் ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், திரும்பப் போட்டதாக எழுதவில்லை. போட்டுவிடுங்கள்.